மேளம் முடிவதற்குள் மூடிக்கொள்ளும் கதவு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பொறாமைக்கென்று ஒரு சிம்மாசனம் போட்டால், அதில் உட்கார வெளியே ஆள் தேட வேண்டியதில்லை; என் மூத்த மருமகள் குணசுந்தரி இருக்கிறாள். லூனாஸில் அவள் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், கட்டிக்கொண்டு வந்த மழை அப்படியே கலைந்து கூலிமுக்குப் போய்விடும். அவள் கண் பட்ட அன்று பக்கத்து வீட்டுச் செம்பருத்தி பூக்காது. கொஞ்சம் ஊதித்தான் சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். மழை கூலிம் வரை போனதில்லை. பாயா பெசார் வரைதான் போயிற்று. செம்பருத்தியும் பூக்கத்தான் செய்யும், சற்றே தலையைக் குனிந்துகொண்டு.

ஆனால் பொறாமையால் ஒருவருக்கும் நன்மை இல்லை என்று பேசுகிறவர்கள் குணசுந்தரியைப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த வித்தைகள் அத்தனையும் பொறாமை எதிரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவை. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் கணக்கில் முதலாவதாக வந்ததால் இவளுக்குக் கணக்கு வந்தது. கூலிம் தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தபோது, எதிர் மேசைக்காரியை மேற்பார்வையாளராக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. உடனே ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழகி, அவளுக்கு முன்னால் இவள் மேற்பார்வையாளர் ஆனாள். கார் ஓட்டக் கற்றதும் அப்படித்தான். ஷீலா சொந்தக் காரில் வந்து வாசலில் இறங்கிய வாரமே ஓட்டுநர் பள்ளியில் போய்ப் பெயர் கொடுத்தாள்.

ஷீலா என் இளைய மருமகள். பீடோங்கில் குடியிருக்கிறாள். இருவருமே எனக்கு மருமகள்கள் என்பதால் எந்தப் பக்கமும் சாயாமல் இந்தக் கதையைச் சொல்கிறேன். இதையும் முழுதாக நம்பிவிட வேண்டாம்.

முழங்கால் வலியால் தொழிற்சாலையை விட்டு நின்ற பிறகு குணசுந்தரி சீர்த்தட்டு அலங்கரிக்க ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கும் சடங்குக்கும் உறவுக்காரர்கள் வரிசையாகத் தூக்கிக்கொண்டு வருகிற தட்டுகள். பழம், சேலை, வளையல், இனிப்பு என்று உள்ளே எது இருந்தாலும் பார்க்கிறவர்களின் கண் முதலில் தட்டின் விளிம்பில்தான் போய் நிற்கும். ரிப்பனை மடித்து மயிலாக்குவாள். வலைத்துணியைச் சுருட்டித் தாமரையாக்குவாள். அவளுடைய கூடத்துத் தரையில் உட்கார்ந்துதான் ஷீலாவும் இந்த வேலையைக் கற்றாள். கற்ற கையோடு பீடோங்கில் சொந்தமாகத் தட்டுக் கட்ட ஆரம்பித்தாள். அதைக்கூட குணசுந்தரி எப்படியோ பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத சேதி லூனாஸ் சந்தையில், மீன் கடைக்கு முன்னால் வைத்து அவள் காதுக்கு வந்தது.

"அக்கா, உங்க தங்கச்சி மாதிரி நீங்களும் வெப்சைட் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள், தட்டுக்குச் சொல்லிவிட வந்த ஒருத்தி.

"எந்தத் தங்கச்சி?"

"பீடோங் ஷீலா அக்காதான். சேலைப் படத்தைப் போட்டா, அதே கலர்ல தட்டு வந்து நிக்குது அக்கா. அப்படியே அள்ளிக்கலாம் போல இருக்கு."

அன்றைய மீன் குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது.

ஷீலாவின் கணவர், அதாவது என் இளைய மகன், தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரைக் கொண்டு அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்திருந்தார். அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் கைப்பேசியில் இருக்கும் படங்கள் திறக்கும். சேலைப் படத்தைத் தொட்டால் அந்தச் சேலையின் நிறத்தை எடுத்து ரிப்பன், பூ, விளிம்பு எல்லாவற்றிலும் பூசிக்கொண்டு ஒரு தட்டு திரையில் வந்து நிற்கும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். குணசுந்தரி தன் கைப்பேசியில் அதைத் திறந்து, தன்னிடம் இருந்த சேலைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டும் வந்து நின்றது. ஒன்றாவது வராமல் போகாதா என்று மாமியாராகிய என் சேலையின் படத்தைக்கூடப் போட்டாள். அதுவும் வந்தது.

வேறொருத்தியாக இருந்தால் ஆள் வைத்துச் செய்திருப்பாள். ஷீலா ஆள் வைத்துச் செய்திருந்ததால், இவள் தானே செய்வது என்று முடிவெடுத்தாள். நூலகத்தில் நடந்த இலவச வகுப்புக்குப் போனாள். மிச்சத்தைக் காணொளிகளில் பார்த்தாள். பசைத் துப்பாக்கி ஒரு பக்கம் சூடேறிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் மடிக்கணினியில் வரி வரியாக எழுதினாள். மூக்குக் கண்ணாடியில் ஜிகினா ஒட்டியிருப்பது தெரியாமல், திரையில் நட்சத்திரம் தெரிகிறதே என்று ஒரு நாள் முழுக்கத் துடைத்தாள். ஒருவழியாகப் பக்கம் தயாராயிற்று. பொத்தானை அழுத்தினால் படங்கள் திறந்தன. சேலையைத் தொட்டால் தட்டு வந்தது.

"ஷீலாவோடது மாதிரியே இருக்கே!" என்று பாராட்டினார் அவள் கணவர், என் மூத்த மகன் புவனேஸ்வரன். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். நல்ல மனிதர், எந்த நேரத்தில் எதைச் சொல்லக்கூடாது என்பது மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்த 'மாதிரியே' அவளுக்குள் முள்ளாய் இறங்கிற்று. ஷீலாவின் பக்கத்தில் ஒரு தடவை அழுத்த வேண்டும். அப்படியானால் தன் பக்கத்தில் அழுத்தவே கூடாது. திறந்த உடனே, யாரும் தொடாமல், படங்கள் தாமாக விரிய வேண்டும். அப்படியே எழுதினாள். பக்கத்தைத் திறந்தாள். ஒன்றும் விரியவில்லை. தவறுகள் வந்து விழுகிற மூலையில் சிவப்பாக ஒரு வரி மட்டும் நின்றது.

"என்னங்க, இந்தப் பிரவுசருக்கு என்மேல என்னா கோவம்?"

"என்னா சொல்லுது?"

"ஆளு விரல் வச்சு அமுக்கினாத்தான் படத்தைத் திறப்பேன்னு சொல்லுது. நான் எழுதி வச்சா திறக்காதாம்."

"சரியாத்தான் சொல்லுது. என் பஸ்ஸுல ஏறினவங்க மணி அடிச்சாத்தான் நிப்பாட்டுவேன். நீ வீட்டுல இருந்துகிட்டு நிப்பாட்டுன்னா நிப்பாட்ட முடியுமா?"

"உங்கள இப்ப யாரு கேட்டா?"

"நீதான் கேட்டே."

அவள் விடவில்லை. திறக்கத்தானே விரல் வேண்டும்? திறந்த படத்தின் பெயர் போய் விழுகிற பெட்டிக்குள் அந்தப் பெயரை நானே எழுதிவிட்டால்? அதையும் எழுதிப் பார்த்தாள். மறுபடியும் சிவப்பு. அந்தப் பெட்டியைக் காலி செய்ய அவளுக்கு அனுமதி உண்டு. நிரப்ப அனுமதி இல்லை. நிரப்புகிற உரிமை கைப்பேசியை வைத்திருப்பவருக்கு மட்டும்தான். இரண்டு நாள் படித்த பிறகு காரணமும் புரிந்தது. இந்தக் கட்டு இல்லாவிட்டால், ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்த பாவத்துக்கு, அந்தப் பக்கத்துக்காரர் நம் வீட்டுப் படங்களை எல்லாம் வாரிக்கொண்டு போய்விடலாம். உலாவி கைப்பேசிக்காரரின் சார்பில் வாசலில் நிற்கிற காவலாளி. கடைக்காரி எவ்வளவு கெஞ்சினாலும் அதன் காதில் ஏறாது.

காரணம் புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. ஷீலாவின் பக்கமும் இதே காவலாளிக்குக் கட்டுப்பட்டுத்தான் நிற்கிறது என்பது உறைத்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கிற்று.

சரி, அழுத்தத்தான் வேண்டும் என்றால் அந்த அழுத்தலுக்கு ஒரு மரியாதை செய்வோம் என்று தோன்றிற்று. ஷீலாவின் பொத்தான் அழுத்தினால் மொட்டையாகத் திறக்கும். கல்யாணத் தட்டுக்கு வருகிறவர்களை அப்படியா வரவேற்பது? குணசுந்தரியின் பொத்தானை அழுத்தினால் முதலில் நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கும். திரையில் மல்லிகை உதிரும். அதன் பிறகு படங்கள் திறக்கும். ஒரு சின்ன இசைத் துணுக்கை வைத்துச் செய்து பார்த்தாள். நன்றாக வேலை செய்தது. வந்து பார்த்தவர்கள் எல்லாரும், "கோயிலுக்குள்ள போற மாதிரி இருக்கு அக்கா" என்றார்கள். சில வாரங்கள் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அப்புறம், ஷீலாவின் பக்கத்தில் இப்போது கோயில் மணி அடிக்கிறது என்று எவளோ வந்து சொன்னாள்.

உடனே துணுக்கை எடுத்துவிட்டு முழு மேளத்தையே போட்டாள் குணசுந்தரி. நிதானமாகத் தொடங்கி, ஏறி, கெட்டிமேளத்தில் போய் இறங்குகிற மேளம். அவளுடைய அப்பா ரப்பர்த் தோட்டத்துக் கோயிலில் தவில் வாசித்தவர். அந்த ஓசையைக் கேட்டால் இவள் கை சும்மா இருக்காது. மேசையோ, தொடையோ, கைப்பேசியோ, எது அகப்பட்டாலும் அதில் தாளம் விழும். புது மேளத்தைப் போட்டுத் தன் கைப்பேசியில் திரும்பத் திரும்பச் சோதித்தாள். கண்ணாடியில் தாளம் போட்டபடியே கேட்டாள். ஒவ்வொரு முறையும் கெட்டிமேளம் முடிந்த கையோடு படங்கள் மலர்ந்தன. மணியாம் மணி, என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ஷாமளாவின் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஷாமளா, சிடாம் கிரியில் இருக்கும் என் மகள் மருதம்மாளின் மகள். பினாங்கில் கணினி நிறுவனம் ஒன்றில், மற்றவர்கள் எழுதுகிற நிரல்களைச் சோதித்துக் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டியவர்கள் என் இரண்டு மகன்கள். சீர் எடுத்துப் போகிற வரிசையில் முன் தட்டு என்று ஒன்று உண்டு. மஞ்சள், குங்குமம், முகூர்த்தச் சேலை வைத்தது. மண்டப வாசலில் முதலில் நுழைவது அதுதான். எல்லாப் படங்களிலும் விழுவதும் அதுதான். அதை யார் அலங்கரிப்பது, யார் தூக்குவது?

"மூத்தவ நான் இருக்கேன்," என்றாள் குணசுந்தரி.

"மூத்தவங்களுக்கு முட்டி வலி. தூக்கிட்டு நடக்கணுமே," என்றாள் ஷீலா, மிகுந்த அக்கறையோடு.

நாள்தோறும் இரண்டு அண்ணிமார்களின் அழைப்பையும் எடுத்து எடுத்து மருதம்மாளுக்குக் காது காய்ச்சுப்போயிற்று. கடைசியில் ஷாமளாதான் ஒரு வழி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட வர்றீங்கள்ல? எல்லார் முன்னாலயும் ரெண்டு மாமி வெப்சைட்டுக்கும் என் முகூர்த்தச் சேலைப் படத்தை அனுப்புறேன். எது முதல்ல தட்டைக் காட்டுதோ, அந்த மாமிதான் முன் தட்டு. பெரிய மாமி பெரியவங்க, அவங்களோடதுல ஆரம்பிக்கிறேன். அப்புறம் யாரும் எதுவும் பேசக்கூடாது."

பெரியவள் என்பதால் முதல் வாய்ப்பு! குணசுந்தரிக்கு அந்த வாரம் முழுக்க முழங்கால் வலிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மருதம்மாளின் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சாப்பாட்டு வாசனை வந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஷாமளா நடுவில் உட்கார்ந்து, எல்லாருக்கும் தெரிகிறபடி கைப்பேசியை முன்னால் நீட்டிப் பிடித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

நாதஸ்வரம் எழுந்தது. மல்லிகை உதிர்ந்தது. "ஆகா!" என்றது கூடம். யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குணசுந்தரி திரையைப் பார்க்கவில்லை. ஷீலாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த சிரிப்பு ஓரங்களில் சுருங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்கத் தான் பிறரைப் பார்த்த பார்வையை முதல் தடவையாக இன்னொருத்தி தன் மேல் வைக்கிறாள். அந்த மேளம் ஒலித்த நேரம்தான் அவள் பிறந்ததிலிருந்து அனுபவித்த பெரிய சுகம் என்று பிறகு சொன்னாள்.

கெட்டிமேளம் முழங்கி முடிந்தது. ஷாமளா காத்திருந்தாள். கூடமே காத்திருந்தது.

ஒன்றும் திறக்கவில்லை.

"இன்னொரு தடவை அமுக்கும்மா," என்றாள் குணசுந்தரி. மறுபடியும் மேளம், மறுபடியும் மல்லிகை, மறுபடியும் வெறும் திரை.

"மேளம் நல்லாத்தான் இருக்கு. மாப்பிள்ளையத்தான் காணோம்," என்றார் பின்னால் யாரோ. சிரிப்பு எழுந்தது.

"இப்படிக் குடு!" என்று கைப்பேசியைப் பிடுங்கினாள் குணசுந்தரி. அழுத்தினாள். மேளம் ஏற ஏற விரல்கள் கண்ணாடியில் தாமாகத் தாளம் போட்டன. கெட்டிமேளம் முடிந்ததும் பளிச்சென்று படங்கள் விரிந்தன. "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று கூவியபடி அதைக் கூடத்துக்கே திருப்பிக் காட்டினாள். முதல் வரிசை முழுக்க ஷாமளாவும் மாப்பிள்ளையும் கடற்கரையில் கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்துக்கொண்ட படங்கள்.

"அலாமா, மாமி!" ஷாமளா பாய்ந்து கைப்பேசியைப் பறித்தாள். மருதம்மாள் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை அங்கே இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"என் ஃபோன்ல இருக்கிறதை நான்தான் திறப்பேன், மாமி. வேற யாரும் தொடக்கூடாது." காதுவரை சிவந்துபோன ஷாமளா கடைசி முறையாகத் தானே அழுத்தினாள். மேளம். மல்லிகை. வெறும் திரை.

"என் கையில திறக்குது, இவ கையில திறக்க மாட்டேங்குதே!" என்றாள் குணசுந்தரி. "கண்ணு பட்டிருச்சு. ஒருத்தர் கண்ணு எங்கியோ குத்திக்கிட்டே இருந்துச்சு, நான் பாத்தேன்."

"ஏன் அக்கா என்னையே பாக்குறீங்க? நான் திரையக்கூடப் பாக்கல," என்றாள் ஷீலா.

ஷாமளா ஷீலாவின் பக்கத்தைத் திறந்தாள். மணி ஒரு தடவை 'டிங்' என்றது. படங்கள் மொட்டையாகத் திறந்தன. முகூர்த்தத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைத் தொட்டாள். அரக்கு ரிப்பனோடு தட்டு வந்து நின்றது. ஆகா என்று யாரும் சொல்லவில்லை. சாப்பிடப் போகலாம் என்று எழுந்துவிட்டார்கள். முன் தட்டு ஷீலாவுக்கு என்றாயிற்று.

குணசுந்தரி சாப்பிட உட்காரவில்லை. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். கூடத்திலிருந்து பரிமாறுகிற சத்தம் வந்தது. "ஷீலாவுக்கு இன்னொரு வடை வை" என்று புவனேஸ்வரனின் குரலும் வந்தது. அந்த வடைக்கு அவர் வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஷாமளாதான் முதலில் தேடிக்கொண்டு வந்தாள். "சரி விடுங்க மாமி. நான் பாக்குறேன், இதுதானே என் வேலை." மடிக்கணினியில் பக்கத்தைத் திறந்து, பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மேளம் முடிந்தது. மூலையில் சிவப்பு வரி வந்து நின்றது. குணசுந்தரிக்கு அடையாளம் தெரிந்தது. பழைய எதிரி; ஆள் விரல் வைத்தால்தான் திறப்பேன் என்று சொன்ன அதே வரி.

"விரலைத்தான் வச்சாச்சே! இன்னும் என்னா வேணுமாம் அதுக்கு?"

"வச்சது சரி மாமி. ஆனா விரல் வச்ச சூடு கொஞ்ச நேரம்தான் இருக்கும். அதுக்குள்ள கேட்டா பிரவுசர் திறக்கும். நீங்க மேளம் முடிஞ்சப்புறம்தானே கேக்குறீங்க? உங்க மேளம் ரொம்ப நீளம். அது முடியறதுக்குள்ள சூடு ஆறிப்போகுது. நான் அமுக்கினதையே அது மறந்துருது."

"முன்னாடி சின்ன மேளம் வச்சிருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு."

"அது சூடு ஆறுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்."

"அப்ப என் கையில மட்டும் ஏன் திறக்குது?"

ஷாமளா மறுபடியும் சிவப்பு வரியைப் படித்துப் பார்த்தாள்.

பதில் கதவோரத்திலிருந்து வந்தது. ஷீலா ஒரு கிண்ணம் பாயசத்தோடு நின்றிருந்தாள். "அக்கா கை எங்க சும்மா இருந்துச்சு? மேளம் முழுக்கத் தாளம் போட்டாங்களே, ஃபோன் கண்ணாடி மேலயே. டக்கு டக்குன்னு. நீ சாமிப் படம் மாதிரி அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தே."

"அதான்!" ஷாமளா தொடையில் தட்டினாள். "விரல் படுற ஒவ்வொரு தடவையும் ஒரு அமுக்கு, மாமி. நீங்க தாளம் போடப் போட, சூடு ஆறாம இருந்திருக்கு. அதனாலதான் உங்க கையில எப்பவுமே திறந்துச்சு!"

இதே பதில் ஷாமளாவின் வாயிலிருந்து வந்திருந்தால் குணசுந்தரி தாங்கியிருப்பாள். தெருவில் போகிற யாரோ சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். ஷீலாவின் வாயிலிருந்து வந்ததுதான் கசந்தது. ஆனால் அந்தக் கசப்புக்கு அடியில் இனிப்பாக ஒன்று தட்டுப்பட்டது. கூடத்தில் அத்தனை பேரும் திரையைப் பார்த்தபோது, ஷீலா மட்டும் குணசுந்தரியின் விரல்களைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தாள அடியையும் பார்த்திருக்கிறாள். அப்படி உற்றுப் பார்க்கிற கண் எப்படிப்பட்ட கண் என்று குணசுந்தரிக்குத் தெரியாதா? வருடக்கணக்காகத் தன் முகத்திலேயே இருக்கிற கண் அல்லவா அது!

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பாயசத்தை வாங்கிக் கல்லின் ஓரத்தில் வைத்தாள். எழுதியிருந்த வரிகளை மேலும் கீழுமாக மாற்றினாள். விரல் பட்ட கணமே படங்கள் திறந்துவிட வேண்டும். வந்தவர் உள்ளே போய்ச் சேலையைத் தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுத்த பிறகு மேளம் முழங்கட்டும், மல்லிகை உதிரட்டும், தட்டு எழுந்து வரட்டும். விருந்தாளியை வாசலில் நிறுத்தி வைத்துக் கெட்டிமேளம் வரைக்கும் வாசித்தால் எந்தக் காவலாளிதான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நிற்பான்? இது தனக்கு முன்பே தோன்றாமல் போனதற்கும் ஷீலாவின் மணிதான் காரணம் என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

"ஷீலா, உன் ஃபோனைத் திற. நீயே அமுக்கு. அமுக்கிட்டுக் கையை மடியில வச்சுக்கணும். தாளம் கீளம் போடக்கூடாது."

"எனக்கு எங்க அக்கா தாளம் தெரியும்?"

ஷீலா அழுத்தினாள். படங்கள் உடனே திறந்தன. தன் பச்சைப் பட்டின் படத்தைத் தொட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நாதஸ்வரம் எழுந்தது. மல்லிகைகளுக்கு நடுவே, கெட்டிமேளத்தோடு, பச்சை மயில் வைத்த தட்டு ஒன்று மெல்ல மேலே வந்தது. பின்கட்டுக் கதவில் புவனேஸ்வரன், மருதம்மாள், அவர்களுக்குப் பின்னால் வடையும் கையுமாகப் பாதிக் கூடம் வந்து நின்றது. "ஆகா!" என்றார்கள் மறுபடியும்.

"இப்ப எது ஜெயிச்சது?" என்று கேட்டாள் குணசுந்தரி, ஷாமளாவைப் பார்த்து.

"உங்களோடதுதான் அழகு மாமி. ஆனா முன் தட்டு சின்ன மாமிக்குத்தான். சொன்னா சொன்னதுதான் லா."

ஷீலா தட்டு மறைந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் தட்டு கிடைத்தவளின் முகமாக அது இல்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அக்கா... அந்த மேளத்தை எனக்கும் குடுக்குறீங்களா? என் வெப்சைட்ல மணிதான் இருக்கு," என்றாள்.

கல்யாணத்தன்று முன் தட்டை ஷீலாதான் தூக்கினாள். இரண்டாம் தட்டு குணசுந்தரியுடையது. மண்டபத்துக்குள் நுழைந்தபோது அவள் முகத்தில் வாட்டத்தின் நிழல்கூட இல்லை. பரந்த மனத்தோடு மேளத்தை ஷீலாவுக்கு எடுத்துக் கொடுத்தாள். அதை எப்படி, எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தாள். அன்றோடு அவளைப் பிடித்திருந்த பொறாமை பனிபோல விலகிற்று. இப்போது லூனாஸ் மழை லூனாஸிலேயே பெய்கிறது.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டியபோது, எதிரே தட்டு ஒன்றுக்கு விளிம்பு ஒட்டிக்கொண்டிருந்த குணசுந்தரி பசைத் துப்பாக்கியைக் கீழே வைத்தாள்.

"கடைசியில தப்பா எழுதியிருக்கீங்க அத்தை."

"எது தப்பு?"

"மேளத்தைக் குடுத்தது நெசம். எங்க வைக்கணும்னு நான் சொல்லல. அவளும் கேக்கல. மேளத்தை மட்டும் வாங்கி, வெப்சைட் செஞ்ச அவங்க ஆளுக்கு அனுப்பிட்டா. அந்த ஆளு அதைப் படம் திறக்குறதுக்கு முன்னாடி வச்சிருக்காரு, முழு மேளத்தையும். நேத்து திறந்து பாத்தேன். கையைக் கட்டிக்கிட்டு, தாளம் போடாமத்தான் பாத்தேன். திறக்கல."

"அடிப்பாவி! ஒரு ஃபோன் போட்டுச் சொல்லக்கூடாதா?"

குணசுந்தரி பசைத் துப்பாக்கியை மறுபடியும் கையில் எடுத்தாள். ரிப்பனை மடித்து, ஒரு சொட்டு வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்றேன் அத்தை. சொல்லாம இருப்பேனா? ஆவணி முகூர்த்தம் மட்டும் போகட்டும்."